லாச்சிக் காசு வேறு, வீட்டுக் காசு வேறு

"வியாபாரம் எப்படிப் போகிறது?" என்று கேட்டால் எம்மவர்களில் அதிகமானோர் "அல்ஹம்துலில்லாஹ், பரவாயில்லை" என்பார்கள். "மாதம் முடிய கையில் எவ்வளவு மிஞ்சுகிறது?" என்று கேட்டால் பலரிடம் பதில் இருக்காது.

சிறு கடைகளுக்குக் கணக்கெழுதிக் கொடுப்பது எனது தொழில். புடவைக் கடை, பலசரக்குக் கடை, பாதணிக் கடை, ஹாட்வெயார் என்று பல தரப்பட்டவர்களின் கொப்பிகள் என் மேசைக்கு வருகின்றன. நான் கண்டவரையில் கடை நட்டத்தில் ஓடுவதால் கஷ்டப்படுபவர்களை விட, கடை இலாபத்தில் ஓடியும் கஷ்டப்படுபவர்களே அதிகம். "நாநா, கொப்பியில லாபம் இருக்கெண்டு சொல்றீங்க. அந்த லாபம் எங்க நாநா இருக்கு?" என்று ஒரு தம்பி ஒருமுறை என்னிடம் கேட்டார். அக்கேள்விக்கான விடையே இக்கட்டுரை.

சிக்கனம் பற்றி எழுதப்படும் ஆலோசனைகளில் பெரும்பாலானவை மாதச் சம்பளக்காரருக்கானவை. அவருக்கு மாதம் ஒரு முறை, ஒரே அளவு பணம் வருகிறது. வியாபாரிக்கோ ஒவ்வொரு நாளும் பணம் வருகிறது. ஒவ்வொரு நாளும் வேறு அளவில் வருகிறது. வருவதில் பெரும் பகுதி அவருடையதும் அல்ல. ஆகவே எமக்கான பாடம் வேறு இடத்தில் தொடங்க வேண்டும்.

லாச்சியில் இருப்பது யாருடைய காசு?

ஒரு பலசரக்குக் கடையின் ஒரு நாள் விற்பனை 40,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். சராசரியாக நூற்றுக்கு 12 வீதம் இலாபம் வைத்து விற்றால், அதில் 4,800 ரூபாதான் கடையின் மொத்த இலாபம். மிகுதி 35,200 ரூபா சாமானின் விலை. அது புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் சாமான் கொடுத்தவருக்குப் போக வேண்டிய பணம். அந்த 4,800 ரூபாவிலிருந்து கடை வாடகை, வேலையாட்களின் சம்பளம், மின்சாரம், லொறிக் கூலி எல்லாம் போக முதலாளிக்கு 2,000 ரூபா மிஞ்சினால் அது நல்ல நாள்.

ஆனால் இரவு கடை பூட்டும்போது லாச்சியில் கண்ணுக்குத் தெரிவது 40,000 ரூபா. கண் 40,000 ரூபாவைப் பார்க்கிறது. கை 40,000 ரூபாவுக்குரியவனாகச் செலவு செய்கிறது. சிக்கல் தொடங்கும் இடம் இதுதான்.

பின் திகதியிட்ட காசோலை இந்தச் சிக்கலை இன்னும் பெரிதாக்குகிறது. 45 நாள் தவணைக்குக் காசோலை கொடுத்துச் சாமான் எடுக்கிறோம். சாமான் 10 நாளில் விற்றுக் காசாகிவிடுகிறது. மீதி 35 நாட்கள் அந்தப் பணம் எம்மிடம் இருக்கிறது. அந்த இடைவெளிக் காசில் எத்தனை மோட்டார் சைக்கிள்கள் வாங்கப்பட்டிருக்கின்றன, எத்தனை வீடுகளுக்கு மாபிள் பதிக்கப்பட்டிருக்கிறது என்பது கணக்கு எழுதுபவர்களுக்குத் தெரியும். காசோலைத் திகதி வரும்போது வேறு இடத்தில் கைமாற்றுக்கு ஓட வேண்டியிருக்கிறது. கணக்கில் பணமில்லை என்று தெரிந்தே காசோலை கொடுப்பது எமது நாட்டில் சட்டப்படியும் குற்றமாகும். அதைவிடப் பெரிய இழப்பு, ஒரு முறை காசோலை திரும்பிய கடைக்கு அடுத்த முறை புறக்கோட்டையில் கிடைக்கும் வரவேற்பு.

எனவே முதலாவது வேலையாக ஒரு சுவர் நாட்காட்டியை எடுத்து, கொடுத்த காசோலைகளின் திகதியையும் தொகையையும் அந்தந்தத் திகதியிலேயே எழுதித் தொங்கவிடுங்கள். ஒவ்வொரு நாளும் விற்பனையில் சாமான் விலைக்குரிய பங்கை வங்கியில் போடுங்கள். வீட்டிலே செய்யப்போகும் எந்தச் சிக்கனத்தையும் விட இது முந்தியது.

முதலாளிக்கும் சம்பளம்

மேலே சொன்ன தம்பி பலசரக்குக் கடை வைத்திருப்பவர். வீட்டுக்கு மாதம் 60,000 ரூபா எடுப்பதாக அவர் நம்பிக்கொண்டிருந்தார். ஒரு மாதம் மட்டும் ஒரு சிறு கொப்பியை லாச்சிக்குள் போட்டு, வீட்டுக்குப் போகும் ஒவ்வொன்றையும் எழுதச் சொன்னேன். மாத முடிவில் கூட்டிப் பார்த்தால், அந்த 60,000 ரூபாவுக்கு மேலதிகமாக, சில்லறைச் சில்லறையாக லாச்சியிலிருந்து எடுத்தது 41,000 ரூபா. கடையிலிருந்து வீட்டுக்குப் போன அரிசி, சீனி, பால்மா, தேங்காயெண்ணெய், சவர்க்காரம் வாங்கிய விலைக்கே 38,000 ரூபா. ஆக வீட்டுச் செலவு 60,000 அல்ல, 139,000 ரூபா. அவர் தேடிய இலாபம் எங்கும் போகவில்லை. அவருடைய வீட்டில்தான் இருந்தது.

அவர் வீண் செலவாளி அல்லர். எழுதாமல் எடுத்தார், அவ்வளவுதான். எழுதாத செலவைக் குறைக்க எவராலும் முடியாது.

இதற்கு ஒரே வழி, முதலாளி தனக்கும் ஒரு சம்பளம் நிர்ணயிப்பதாகும். மாதத்தில் ஒரு நாள் அல்லது வாரத்தில் ஒரு நாள், குறித்த தொகையைக் கடையிலிருந்து எடுத்து வீட்டிடம் கொடுக்க வேண்டும். கடைச் சாமான் வீட்டுக்குப் போனால் வாங்கிய விலையில் எழுதி அந்தச் சம்பளத்தில் கழிக்க வேண்டும். அதன் பின்னர் வீட்டுக்காக லாச்சியில் கை வைக்கக் கூடாது.

எவ்வளவு சம்பளம்? இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். ஒரு புடவைக் கடையை உதாரணமாக எடுப்போம். கடைச் செலவுகள் எல்லாம் போக, சாதாரணமான 8 மாதங்களில் மாதம் 110,000 ரூபா மிஞ்சுகிறது. நோன்புப் பெருநாள் மாதத்தில் 400,000, சித்திரைப் புத்தாண்டு மாதத்தில் 300,000, டிசம்பரில் 250,000, வியாபாரமே இல்லாத ஒரு மாதத்தில் 60,000. மொத்தம் வருடத்துக்கு 1,890,000 ரூபா. சராசரி மாதம் 157,500 ரூபா.

பெருநாள் மாதத்தைப் பார்த்து வாழ்க்கையை அமைத்தவர் அடுத்த மூன்று மாதத்தில் கடனாளியாவார். சராசரியைப் பார்த்து 157,500 எடுப்பவருக்கு வருட முடிவில் ஒரு சதமும் மிஞ்சாது. சாதாரண மாதத்தின் 110,000 ரூபாவைச் சம்பளமாக வைத்தவருக்கோ வருடத்துக்கு 1,320,000 ரூபா போக 570,000 ரூபா மிஞ்சுகிறது. வியாபாரமே இல்லாத மாதத்திலும் வீட்டுக்கு அதே 110,000 கொடுத்த பின்னர் மிஞ்சுவது இது என்பதைக் கவனியுங்கள்.

அந்த 570,000 ரூபாவையும் வருட ஆரம்பத்திலேயே பங்கிட்டுப் பெயர் வைத்துவிட வேண்டும். ஸகாத்துக்கு 50,000, கடைச் சரக்கைப் பெருக்க 220,000, கஷ்ட காலச் சேமிப்புக்கு 150,000, குடும்பத்தின் பெரிய சந்தோஷங்களுக்கு 150,000 என்பது நான் சொல்லும் ஒரு மாதிரிப் பங்கீடு. ஸகாத் கணக்கைப் பொறுத்தவரையில் விற்பனைச் சரக்கு, கையிருப்பு, வரவேண்டிய நல்ல கடன் ஆகியவற்றில் நூற்றுக்கு இரண்டரை வீதம் என்பது யாவரும் அறிந்ததே. கொடுக்கவேண்டிய கடனைக் கழிப்பது போன்ற விபரங்களை உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கணக்கெழுதுபவன் என்ற வகையில் நான் சொல்வது, அது வருட முடிவில் தேடி அலையும் தொகையாக இல்லாமல் முன்கூட்டியே ஒதுக்கிய தொகையாக இருக்க வேண்டும் என்பதே.

வீட்டுக் கொப்பி

இனி அந்த 110,000 ரூபா வீட்டுக்குள் வருகிறது. அதன் பங்கீடு இப்படி அமையலாம்: சமையலறை 48,000, மின்சாரம், தண்ணீர், காஸ், தொலைபேசி 12,000, பிள்ளைகளின் படிப்பு, டியூசன், ஸ்கூல் வேன் 20,000, போக்குவரத்து, மருந்து 10,000, ஸதகா, கல்யாண வீடுகளுக்கான அன்பளிப்பு 7,000, குடும்பச் சந்தோஷம் 6,000, வீட்டுச் சேமிப்பு 7,000. ஒவ்வொரு வீட்டுக்கும் தொகைகள் மாறும். தலைப்புகள் அதிகம் மாறாது.

இந்தக் கொப்பி மனைவியின் கையில் இருப்பதே நல்லது. நான் பார்த்த வீடுகளில் வரவு எவ்வளவு என்று மனைவிக்குத் தெரிந்த வீடுகள் தெரியாத வீடுகளை விட நன்றாக நடக்கின்றன. "கடை நல்லா ஓடுது" என்று மட்டும் தெரிந்த மனைவி அதற்கேற்பக் கேட்பதில் என்ன தவறு? "மாசம் 110,000, இதுக்குள்ள தான் எல்லாம்" என்று சொல்லிப் பாருங்கள். அடுத்த மாதமே அரிசியை 25 கிலோ மூடையாக எடுப்பது, மீனை விலை குறைந்த நாளில் வாங்குவது என்று ஆலோசனைகள் அவரிடமிருந்தே வரும்.

குறைக்கும்போது எங்கே குறைத்தால் அதிகம் மிஞ்சும் என்று பார்க்க வேண்டும். வீட்டு மின்சாரக் கட்டணம் படிமுறையில் ஏறுகிறது. மாதத்தில் 60 அலகைத் தாண்டிவிட்டால் தாண்டிய அலகுகளுக்கு மட்டுமல்ல, முதலாவது அலகிலிருந்தே வேறு விலை. நிலையான கட்டணமும் கூடுகிறது. ஆகவே 65 அலகு எரிக்கும் சிறிய குடும்பம் அதை 60க்குள் கொண்டுவந்தால் கிடைக்கும் நன்மை பெரிது. 150 அலகு எரிக்கும் வீட்டில் ஒரு மின்குமிழை அணைத்ததற்காகப் பிள்ளையை ஏசுவதில் அவ்வளவு பலன் இல்லை. இஸ்திரிக்கை, தண்ணீர் மோட்டார், பழைய குளிர்சாதனப் பெட்டி ஆகியவற்றையே பார்க்க வேண்டும்.

லீசிங் தவணை பற்றியும் ஒரு வார்த்தை. வாகனம் பெரும்பாலும் நல்ல சீசன் முடிந்த கையோடு எடுக்கப்படுகிறது. முற்பணம் பெருநாள் இலாபத்தில் போய்விடும். தவணையோ 48 மாதமோ 60 மாதமோ வரும். லீசிங் என்றாலும் இஜாரா என்றாலும் தவணைத் திகதி மாறாது. வியாபாரமில்லாத மாதத்துக்காக எவரும் காத்திருக்க மாட்டார்கள். ஆகவே எந்தத் தவணையையும் உங்கள் ஆகக் குறைந்த மாதத்து வருமானத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தே கையொப்பமிடுங்கள்.

சந்தோஷத்துக்கும் ஒரு பங்கு

"சிக்கனம் என்றால் பிள்ளைகளுக்கு ஒன்றும் வாங்கிக் கொடுக்கக் கூடாதா?" என்று கேட்பார்கள். அதற்காகத்தான் மேலே 6,000 ரூபாவையும் 150,000 ரூபாவையும் தனியே எழுதினேன். சந்தோஷத்துக்குப் பங்கு ஒதுக்காத வரவு செலவுத் திட்டம் மூன்று மாதம் தாண்டாது. நாலாவது மாதம் பொறுமை உடைந்து, சேமித்ததெல்லாம் ஒரே நாளில் ஒரு பெரிய தொலைக்காட்சிப் பெட்டியாக வீட்டுக்கு வரும்.

எமது வியாபாரிகளின் நிலைமை சற்று விசேடமானது. காலை 8 மணிக்குக் கடை திறந்து இரவு 9 மணிக்குப் பூட்டுகிறோம். பிள்ளைகளோடு இருக்க நேரமில்லை. அந்தக் குறையைக் காசால் ஈடு செய்யப் பார்க்கிறோம். வரும் வழியில் கொத்து ரொட்டி, கேட்டவுடன் புதிய கைத்தொலைபேசி. இவை சந்தோஷத்துக்கான செலவுகள் அல்ல, வீட்டில் இல்லாததற்கான நட்டஈடு.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் வாரத்தில் இரண்டு இரவு கடைச் சாப்பாடு. ஒன்று 900 ரூபா வீதம் மூன்று கொத்து ரொட்டி என்றால் ஓர் இரவுக்கு 2,700 ரூபா. மாதத்தில் 8 இரவுக்கு 21,600 ரூபா. அதை மாதத்தில் இரண்டு வியாழன் இரவாகக் குறைத்தார்கள். செலவு 5,400 ரூபாவாக இறங்கியது. மாதம் 16,200, வருடத்துக்கு 194,400 ரூபா மிச்சம். முன்பு பொதியை மேசையில் வைத்துவிட்டு வாப்பா கணக்குப் பார்க்கப் போய்விடுவார். இப்போது அந்த இரண்டு இரவும் கடையை 7 மணிக்குப் பூட்டிவிட்டு வந்து, பாய் விரித்து ஒரே சஹனில் எல்லோரும் உட்காருகிறார்கள். பிள்ளைகள் எந்த வியாழன் என்று நாட்காட்டியில் அடையாளம் போட்டு வைக்கிறார்கள்.

மிச்சம் பிடிப்பதற்கு நான் சொல்லும் முறை இதுதான். குடும்பத்தை உட்கார வைத்து, ஒவ்வொருவரிடமும் "உங்களுக்கு உண்மையிலேயே விருப்பமான ஒன்றைச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். மகளுக்கு வருடத்தில் ஒருமுறை கடலுக்குப் போவது, மகனுக்கு ஒரு கிரிக்கெட் மட்டை, மனைவிக்கு உம்மா வீட்டில் ஒரு வாரம், உங்களுக்கு நல்ல இஞ்சிப் பிளேன்டீ என்று வரும். அவற்றைத் தாராளமாகச் செய்யுங்கள். எவரும் சொல்லாத செலவுகளை, அதாவது பழக்கத்தாலும் அடுத்த வீட்டுக்காரருக்காகவும் செய்யும் செலவுகளை வெட்டுங்கள். வெட்டியது எவருக்கும் வலிக்காது.

சுற்றுலாவுக்கும் இது பொருந்தும். ஏப்ரலில் நுவரெலியாவுக்குப் போனால் அறை வாடகை உச்சத்தில் இருக்கும், வீதியிலும் நெரிசல். வேறொரு மாதத்தின் சாதாரண வார நாட்களில் அதே அறை குறைந்த விலைக்குக் கிடைக்கும். கடை வைத்திருப்பவருக்கு எந்த நாளிலும் விடுமுறை எடுக்கும் சுதந்திரம் உண்டு. சம்பளக்காரருக்கு இல்லாத அந்த வசதியைப் பயன்படுத்துவதும் சிக்கனமே.

நகரும் பெருநாளும் நகராத செலவும்

எமது வியாபாரத் திட்டத்தில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. சந்திர வருடம் சுமார் 354 நாட்கள். ஆகவே பெருநாள் ஆங்கில நாட்காட்டியில் வருடாவருடம் 10 அல்லது 11 நாட்கள் முன்னுக்கு வருகிறது. 2023, 2024ஆம் வருடங்களில் நோன்புப் பெருநாள் ஏப்ரல் மாதத்தில், சித்திரைப் புத்தாண்டை ஒட்டி வந்தது. ஒரே கொள்வனவில் இரண்டு பண்டிகைக்கும் சரக்கு எடுக்க முடிந்தது. இனி வரும் வருடங்களில் அப்படியல்ல. 2028இல் நோன்பு ஜனவரி கடைசியில் தொடங்கும். 2030இல் ஜனவரி ஆரம்பத்தில் ஒரு நோன்பும், டிசம்பர் கடைசியில் அடுத்த நோன்பும் தொடங்கும். அந்த வருடம் ஹஜ்ஜுப் பெருநாள் ஏப்ரல் நடுப்பகுதிக்கு வந்துவிடும்.

இதன் பொருள் என்ன? ஜனவரி என்பது பாடசாலைப் புத்தகம், சப்பாத்து, அனுமதிக் கட்டணம் என்று வீட்டுச் செலவு கூடிய மாதம். அதே காலத்தில் கெய்சர் வீதியில் பெருநாள் சரக்குக்கும் பணம் கட்ட வேண்டி வரும். இரண்டுக்கும் ஒரே பணத்தை நம்பியிருப்பவர் நெருக்கடிக்குள்ளாவார். இப்போதிருந்தே கடைக்கு ஒரு பெருநாள் கொள்வனவுக் கணக்கும், வீட்டுக்கு ஒரு ஜனவரிக் கணக்கும் தனித்தனியே தொடங்கிவிடுங்கள். சீட்டுப் போடுபவர்கள், நம்பிக்கையானவர்களுடன் மட்டும் போட்டு, சீட்டு விழும் மாதத்தைப் பெருநாள் கொள்வனவு மாதத்துக்குப் பொருத்திக் கேட்டு வாங்குங்கள்.

கஷ்ட காலச் சேமிப்பு

இந்த நாட்டில் கடை வைத்திருப்பவருக்குக் கஷ்ட காலம் எப்படி வரும் என்று விளக்கத் தேவையில்லை. 2014 ஜூனில் அளுத்கமையிலும், 2018 மார்ச்சில் திகனையிலும், 2019 மேயில் மினுவாங்கொடையிலும் கடைகள் எரிந்தன. 2020இல் கொரோனா ஊரடங்கு. 2022இல் பொருளாதார நெருக்கடி. கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டது. பின்னர் பணவீக்கம் இறங்கியபோதும் விலைகள் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை.

2022 எமக்கு ஒரு முக்கிய பாடத்தைத் தந்தது. மார்ச் ஆரம்பத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தாண்டியது. உதாரணமாக, மூடை 8,000 ரூபாவுக்கு எடுத்த 10 மூடை சாமானை ஒருவர் 88,000 ரூபாவுக்கு விற்றார். கொப்பியில் 8,000 ரூபா இலாபம். திரும்ப எடுக்கப் போனால் மூடை 14,000 ரூபா. கையிலிருந்த பணத்துக்கு 6 மூடைதான் கிடைத்தது. இலாபம் பார்த்தும் 4 மூடை நட்டம். இப்படிப்பட்ட காலத்தில் அந்த 8,000 ரூபாவையும் வீட்டுக்கு எடுத்தவரின் கடை தட்டுத் தட்டாக வெறுமையானது. நிர்ணயித்த சம்பளத்தை மட்டும் எடுத்தவரின் கடையில் சரக்கு குறைந்தாலும் கடை நின்றது. விலை ஏறும் காலத்து இலாபம் இலாபமல்ல, அடுத்த மூடையின் விலை என்பதை மனதில் வையுங்கள்.

கஷ்ட காலச் சேமிப்பின் இலக்கு, கடைக்கு இரண்டு மாத வாடகையும் சம்பளமும், வீட்டுக்கு மூன்று மாதச் சமையலறைச் செலவும் ஆகும். அந்தப் பணம் கடைக்குள் இருக்கக் கூடாது. கடை எரிந்தால் அதுவும் எரியும், வெள்ளம் வந்தால் அதுவும் நனையும். தனி வங்கிக் கணக்கில் இருக்கட்டும். ஒரு பகுதியைத் தங்கமாக வைப்பவர்கள் நகையாக அல்லாமல் பவுணாக வைத்தால், விற்கும்போது செய்கூலி நட்டமாகாது. கடைக்குக் காப்புறுதி எடுத்திருப்பவர்கள் தமது பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். தீக் காப்புறுதி மட்டும் போதாது. கலவரம், வேலைநிறுத்தம், பயங்கரவாதம் ஆகியவற்றுக்கான மேலதிகக் காப்பு சேர்க்கப்பட்டிருக்க வேண்டும்.

இந்த வாரத்துப் பயிற்சி

1. லாச்சிக்குள் ஒரு சிறு கொப்பியும் பேனையும் வையுங்கள். வீட்டுக்குப் போகும் காசையும் சாமானையும் 30 நாட்கள் எழுதுங்கள். இந்த ஒரு மாதம் எதையும் குறைக்க வேண்டாம், எழுதினால் போதும்.

2. கொடுத்த காசோலைகள் அனைத்தையும் சுவர் நாட்காட்டியில் குறியுங்கள்.

3. கடந்த 12 மாத விற்பனையைப் பார்த்து, உங்கள் சாதாரண மாதம் எது, ஆகக் குறைந்த மாதம் எது என்று கண்டுபிடியுங்கள். 30 நாட்கள் முடிந்ததும் உங்கள் சம்பளத்தை நிர்ணயித்து மனைவியிடம் தொகையைச் சொல்லுங்கள்.

4. வரும் வெள்ளிக்கிழமை பகல் சாப்பாட்டின் பின் குடும்பத்தோடு உட்கார்ந்து, ஒவ்வொருவரின் விருப்பத்தையும் கேட்டு வீட்டுக் கொப்பியின் முதலாவது பக்கத்தில் எழுதுங்கள். வெட்டவேண்டிய செலவுகளை இரண்டாவது பக்கத்தில் எழுதுங்கள்.

இந்த ஒழுங்கு மாறக் கூடாது. எதற்காக மிச்சம் பிடிக்கிறோம் என்பது முதல் பக்கத்தில் இருந்தால், இரண்டாம் பக்கத்தைப் பார்த்து வீட்டில் எவரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.